ஐம்பதில் வளையாதா?

(தொழிலாளர் கூட்டமொன்றில் நாம் செய்த சொற்பொழிவு)



வேலையில் அடிபட்ட தொழிலாளியின் கதியைப் பற்றிப் பேச வேண்டுமென்று கேட்டுக் கொண்டிருக்கிறீர்கள். இந்த விஷயம் பேசுகிறவர்கள் பெரும்பாலும் நஷ்டஈடு எவ்வளவு, அதை வாங்குவது எப்படி என்று சொல்லிவிட்டு உட்கார்ந்து விடுவது வழக்கம். நாம் அதற்குமேல் ஒரு கேள்வி கேட்க ஆசைப்படுகிறோம். நஷ்டஈட்டுப் பணத்தை வாங்கிய மறுநாள் காலையில் அந்தத் தொழிலாளி எங்கே போகிறான்? அதிலும் 45-ம் 50-ம் தாண்டிய தொழிலாளி எங்கே போகிறான்? இதைப் பற்றித்தான் இன்று பேசப் போகிறோம்.

நமக்குத் தெரிந்த தோழர் ஒருவர் இருக்கிறார். அவருக்கு வயது 52. தகடு அடிக்கும் பவர் பிரஸ்ஸில் 27 வருஷம் வேலை செய்தவர். ஏழெட்டுப் பேர் மட்டும் வேலை செய்கிற ஒரு சிறு பட்டறை. ஒருநாள் மாலை, ஷிப்ட் முடியப் போகிற நேரத்தில், டையில் சிக்கிய தகட்டை எடுக்கக் கையை விட்டார். பிரஸ் இறங்கியது. வலது கையில் கட்டை விரல் தவிர நான்கு விரல்களும் போய்விட்டன.

அந்தப் பட்டறையில் வருஷா வருஷம் ஆயுத பூசை தவறாமல் நடந்து வந்தது. அந்தப் பிரஸ்ஸுக்குச் சந்தனம் உண்டு, குங்குமம் உண்டு, மாலை உண்டு, எலுமிச்சம்பழம் உண்டு. இல்லாமலிருந்தது ஒன்றே ஒன்றுதான். அது கை உள்ளே போகாமல் தடுக்கிற இரும்புத் தடுப்பு. இரண்டு கையாலும் இரண்டு பொத்தானை அழுத்தினால்தான் பிரஸ் இறங்கும் என்ற ஏற்பாடு உலகத்தில் எவ்வளவோ காலமாக இருக்கிறது. அதுவும் அங்கே இல்லை. யந்திரத்துக்குச் செய்ய வேண்டிய மரியாதையெல்லாம் செய்தார்கள். மனிதனுக்குச் செய்ய வேண்டியதை மட்டும் செய்யவில்லை.

அடிபட்ட பிறகு நடந்தது என்ன? அவருடைய வீட்டில் ஜாதகத்தைத் தூக்கிக்கொண்டு ஜோசியனிடம் ஓடினார்கள். ஏழரைச் சனி என்றான். பரிகாரம் என்றான். முதலாளியோ, "எல்லாம் அவன் தலையெழுத்து, நாம் என்ன செய்ய முடியும்?" என்றார். தோழர்களே! தலையெழுத்தினால் விரல் போனது என்பது உண்மையானால், அதே பிரஸ்ஸில் ஒரு தடுப்பைப் போட்டவுடன் அந்தத் தலையெழுத்து ஏன் வேலை செய்யாமல் நின்று போகிறது? பிரம்மா எழுதிய எழுத்தை ஒரு கம்பி வலை அழித்துவிடுமா? அழித்துவிடும் என்றால் கம்பி வலையைக் கும்பிடுங்கள். அழிக்காது என்றால் தடுப்புப் போட்ட தொழிற்சாலைகளில் விரல் ஏன் போகாமல் இருக்கிறது என்பதற்குச் சமாதானம் சொல்லுங்கள். விதி என்கிற வார்த்தை அடிபட்டவனுக்கு ஆறுதல் சொல்லுவதற்காக ஏற்பட்டதல்ல. அடிக்குக் காரணமானவனைத் தப்புவிப்பதற்காக ஏற்பட்டது என்பதே நமது அபிப்பிராயம்.

நிற்க, சட்டத்தைப் பார்ப்போம்.

நம் நாட்டில் தொழிலாளர் நஷ்டஈட்டுச் சட்டம் 1923-ல் வெள்ளைக்காரன் காலத்தில் ஏற்பட்டு, 1924 ஜூலை 1 முதல் அமலுக்கு வந்தது. 2025 நவம்பர் 21 முதல் அது சமூகப் பாதுகாப்புத் தொகுப்புச் சட்டம் என்கிற பெரிய சட்டத்துக்குள் அடங்கிவிட்டது. பெயர் மாறினாலும் கணக்குப் போடுகிற முறை மாறவில்லை. உடம்பின் ஒவ்வொரு உறுப்புக்கும் ஒரு விகிதம் போட்டு ஜாபிதா இருக்கிறது. கட்டை விரல் போனால் 30 சதவீதம். ஆள்காட்டி விரல் முழுதும் போனால் 14. ஒரு கையில் நான்கு விரல் போனால் 50. கை முழுதும் போனால் 60. இன்னொரு ஜாபிதாவில் வயதுக்கு ஒரு எண் இருக்கிறது. 25 வயதுக்கு 216.91. 52 வயதுக்கு 146.20. 65-க்கு 99.37. மாதக் கூலியில் 60 சதவீதத்தை இந்த வயது எண்ணால் பெருக்கி, அதில் உறுப்பின் விகிதத்தை எடுத்தால் நஷ்டஈடு.

நம் தோழருக்கு மாதம் 18,000 ரூபாய் கூலி. ஆனால் 2020 ஜனவரியில் வைத்த உச்ச வரம்பின்படி 15,000-க்கு மேல் கணக்கில் எடுப்பதில்லை. ஆகவே 9,000-ஐ 146.20-ஆல் பெருக்கி, அதில் பாதி, 6,57,900 ரூபாய். இதே பிரஸ்ஸில், இதே கூலிக்கு, இதே நான்கு விரலை 25 வயதுப் பையன் இழந்திருந்தால் அவனுக்கு 9,76,095 ரூபாய்.

பையனுக்கு அதிகம் கொடுப்பது தப்பென்று நாம் சொல்ல வரவில்லை. அவன் இன்னும் பல வருஷம் உழைக்க வேண்டியவன். அவனுக்கு நஷ்டம் அதிகம் என்பது கணக்கு. இது நியாயமான கணக்குத்தான். ஆனால் கணக்கின் மறுபக்கத்தையும் பார்க்க வேண்டாமா? அந்தப் பையன் இன்னொரு தொழிலுக்குப் போகலாம். அவனை எவனாவது சேர்த்துக்கொள்ளுவான். 52 வயதுக்காரருக்கு நாலு விரல் இல்லாத கையுடன் எவன் வேலை கொடுப்பான்? பணம் குறைவு, வேலை கிடைப்பதும் அரிது என்றால், இவருக்குத்தான் வேறு தொழில் கற்றுக்கொடுக்க வேண்டிய அவசியம் அதிகம். 1923-ம் வருஷத்துச் சட்டமோ வேறு தொழில் கற்றுக்கொடுப்பதைப் பற்றி ஒரு வார்த்தையும் பேசவில்லை. உறுப்புக்கு விலை கொடுத்தால் தீர்ந்தது என்று கணக்கை மூடிவிடுகிறது.

அந்த விலையிலும் ஒரு குறை இருக்கிறது. ஜாபிதா சதையைத்தான் அளக்கிறது, தொழிலை அளக்கவில்லை. வாத்தியாருக்கு நான்கு விரல் போவதும் தச்சருக்கு நான்கு விரல் போவதும் ஒன்றாகுமா? இதைச் சுப்ரீம் கோர்ட்டே 1975-ல் ஒரு வழக்கில் ஒத்துக்கொண்டிருக்கிறது. ஒரிசாவில் ஒரு சினிமாக் கொட்டகை வேலையில் தச்சர் ஒருவர் விழுந்து, இடது கையை முழங்கைக்கு மேல் எடுக்க வேண்டியதாயிற்று. ஒரு கை மட்டும் போயிற்று என்று முதலாளி வாதித்தார். ஒரு கையை வைத்துக்கொண்டு தச்சு வேலை செய்ய முடியாது, ஆகையால் தச்சருக்கு இது முழு நஷ்டமே என்று கோர்ட்டார் தீர்ப்புச் சொன்னார்கள். தோழர்களே, இதை ஞாபகத்தில் வையுங்கள். ஜாபிதாவில் இருக்கிற எண்தான் முடிந்த முடிவு என்று யாராவது சொன்னால் இந்தத் தச்சரைக் காட்டுங்கள்.

இனி இ.எஸ்.ஐ. விஷயம். இ.எஸ்.ஐ.யில் சேர்ந்த தொழிலாளிக்கு மொத்தமாகப் பணம் கொடுத்து அனுப்பாமல், சம்பாதிக்கும் சக்தி எவ்வளவு போயிற்றோ அந்த விகிதப்படி ஆயுள் முழுதும் மாதாமாதம் கொடுக்கிறார்கள். 15,000 கூலிக்காரருக்குப் பாதி சக்தி போயிற்றென்றால் ஏறக்குறைய 6,750 ரூபாய் மாதம் வரும். மொத்தப் பணத்தைச் சொந்தக்காரர்களும் ஜோசியனும் பங்கு போட்டுக்கொள்ளுவதைவிட இது எவ்வளவோ மேல். அன்றியும், வேறு தொழில் கற்றுக்கொடுக்கும் திட்டம் ஒன்றும் இ.எஸ்.ஐ.யில் உண்டு. சர்க்கார் நடத்தும் மறுவாழ்வு நிலையங்களில், சென்னையில் கிண்டியில் இருப்பதைப் போன்ற இடங்களில், பயிற்சி பெறலாம். பயிற்சி நடக்கும் நாளெல்லாம் படியும் உண்டு.

கேட்கச் சந்தோஷமாக இருக்கிறதல்லவா? ஆனால் அந்தத் திட்டத்துக்கு எழுதிய நிபந்தனையைப் பாருங்கள். ஊனம் 40 சதவீதத்துக்குக் குறையக்கூடாது. வயது 45-க்கு மேற்படக்கூடாது! அதாவது 44 வயதில் கை போனால் நீ மனிதன், உனக்குக் கற்றுக்கொடுக்கலாம். 46 வயதில் கை போனால் நீ பழைய இரும்பு. பிரஸ் கையை வெட்டும்போது வயதைக் கேட்டதா? 45 தாண்டியவனுடைய வயிறு பசிக்காமல் நின்றுவிடுகிறதா? 27 வருஷம் உழைத்தவனை, இன்னும் பத்து வருஷமாவது உழைக்க வேண்டியவனை, "இனி உனக்குக் கற்றுக்கொடுத்து என்ன பிரயோஜனம்?" என்று கேட்பதற்கு யாருக்கு என்ன யோக்கியதை இருக்கிறது?

நம் தோழரும் இதைக் கேட்டுப் பார்த்தார். "எனக்குப் பணத்தோடு வேறொரு வேலையும் கற்றுக்கொடுங்கள் ஐயா" என்று ஓர் இடத்தில் போய்க் கேட்டார். அங்கே இருந்தவர் சிரித்துக்கொண்டு, "ஐந்தில் வளையாதது ஐம்பதில் வளையுமா?" என்றாராம். அந்தத் தோழர் விரல் போன அன்றுகூட அழவில்லை. அன்று வீட்டுக்கு வந்து அழுதார் என்று அவர் மனைவியார் நம்மிடம் சொன்னார்.

இந்தப் பழமொழியைச் சற்று ஆராய்வோம். கம்பு வளைவதைப் பற்றிச் சொன்னதை மனிதனுக்கு யார் பொருத்தினார்கள்? பெரியார் 1879-ல் பிறந்தவர். "குடி அரசு" ஏட்டை 1925 மே 2-ல் தொடங்கியபோது அவருக்கு 45 வயது முடிந்து 46 நடந்துகொண்டிருந்தது. பள்ளிக்கூடத்தில் அதிகம் படியாதவர், வியாபாரம் செய்தவர், அந்த வயதில் பத்திரிகைத் தொழிலைக் கற்றுக்கொண்டு நடத்தினார். நல்ல வேளையாக அவர் இந்தப் பயிற்சித் திட்டத்துக்கு மனுப் போடவில்லை. வயது கடந்துவிட்டது என்று தள்ளியிருப்பார்கள்! பெரியவர்களை விடுங்கள். 1990-களின் தொடக்கத்தில் புதுக்கோட்டை மாவட்டத்தில் அறிவொளி இயக்கம் நடந்தது. கல் உடைக்கிற பெண்களும், வயலில் நடுகிற பெண்களும், பேரன் பேத்தி எடுத்த பாட்டிகளும் எழுதப் படிக்கக் கற்றார்கள். ஆயிரம் ஆயிரமாகச் சைக்கிள் விடவும் கற்றுக்கொண்டார்கள். சேலையைச் சொருகிக்கொண்டு சைக்கிள் ஏறிய அந்தத் தாய்மார்கள் ஐம்பதில் வளைந்தார்களா இல்லையா?

உண்மை என்னவென்றால், இந்தப் பழமொழிக்கு வேர் வேறு இடத்தில் இருக்கிறது. ஒருவன் பிறந்த தொழிலிலேயே சாக வேண்டும் என்பதுதான் வருணாசிரமத்தின் சாரம். செருப்புத் தைக்கிறவன் மகன் செருப்புத் தைக்க வேண்டும், சவரம் செய்கிறவன் மகன் சவரம் செய்ய வேண்டும். இதையே 1953-ல் பள்ளிக்கூடத்துப் பிள்ளைகள் தலையில் கட்டப் பார்த்தார்கள். குலக்கல்வி என்று நாம் பெயர் சொல்லி எதிர்த்தோம். 1954-ல் அது ஒழிந்தது. பிள்ளைகளுக்கு ஒழித்தோம். பெரியவர்களுக்கு ஒழித்தோமா? தொழில் என்பது உடம்போடு ஒட்டியது, அதை மாற்ற முடியாது என்கிற எண்ணம் நம் தொழிலாளியின் தலைக்குள்ளேயே இன்னும் இருக்கிறது. "எனக்குப் பிரஸ்ஸைத் தவிர வேறொன்றும் தெரியாதே" என்கிறான். தெரியாது என்பது சரி. வராது என்பதைத்தான் நாம் ஒப்புக்கொள்ள மாட்டோம்.

மற்ற நாடுகளைப் பார்ப்போம். ஜெர்மனியில் 1884-ல் விபத்து இன்ஷூரன்ஸ் சட்டம் வந்தது. கொண்டு வந்தவர் பிஸ்மார்க். அவர் தொழிலாளிக்கு உயிர்த் தோழர் அல்ல. 1878-ல் சோஷலிஸ்டுகளை அடக்கச் சட்டம் செய்தவர். ஆனாலும் அந்த ஏற்பாட்டில் ஒரு புத்திசாலித்தனம் வளர்ந்தது. விபத்தைத் தடுப்பது, வைத்தியம் செய்வது, வேறு தொழில் கற்பிப்பது, பென்ஷன் கொடுப்பது எல்லாம் ஒரே நிறுவனத்தின் பொறுப்பு. முழுச் செலவும் முதலாளிகள் கட்டுகிற பணம். ஆகவே ஒரு தொழிலாளியைத் திரும்ப வேலைக்குத் தகுதியாக்கினால் பென்ஷன் செலவு மிச்சம் என்று அந்த நிறுவனமே ஓடி ஓடிக் கற்றுக்கொடுக்கிறது. பென்ஷனுக்கு முன் மறுவாழ்வு என்பதே அங்கே விதி. இங்கே முதலாளி ஒருமுறை பணத்தைக் கட்டிவிட்டால் அவனுக்கும் அந்தத் தொழிலாளிக்கும் சம்பந்தம் அற்றுவிடுகிறது. தொழிலாளி பிழைத்தாலும் செத்தாலும் யாருக்கும் லாபமும் இல்லை, நஷ்டமும் இல்லை. கருணை இருக்கிறதா இல்லையா என்பதல்ல இதில் வித்தியாசம். செலவு யார் தலையில் விழுகிறது என்பதுதான் வித்தியாசம்.

பணக்கார நாடெல்லாம் ஒழுங்கு என்றும் நினைத்துவிடாதீர்கள். அமெரிக்காவில் கலிபோர்னியாவில் அடிபட்டவருக்கு வேறு தொழில் பயிற்சி பெறும் உரிமை சட்டத்தில் இருந்தது. 2004 முதல் அடிபட்டவர்களுக்கு அதை எடுத்துவிட்டு, பயிற்சிச் செலவுக்கு ஒரு சீட்டுக் கொடுக்கிறார்கள். 2013 முதல் அதன் மதிப்பு 6,000 டாலர். கூட இருந்து வழிகாட்டிப் பயிற்சி கொடுத்த இடத்தில் ஒரு சீட்டைக் கொடுத்து, "நீயே போய்ப் பார்த்துக்கொள்" என்று சொல்லிவிட்டார்கள். வாங்கிய உரிமையைக் காவல் காக்காவிட்டால் இப்படித்தான் ஆகும்.

நம் நாட்டிலேயே ஒரு நல்ல சட்டம் இருக்கிறது. மாற்றுத் திறனாளிகள் உரிமைச் சட்டம், 2016. அதன் 20-வது பிரிவு என்ன சொல்கிறது? சர்க்கார் ஸ்தாபனத்தில் வேலை பார்க்கிறவருக்கு வேலைக் காலத்தில் ஊனம் ஏற்பட்டால் அவரை நீக்கவும் கூடாது, பதவி இறக்கவும் கூடாது. பழைய வேலை செய்ய முடியாவிட்டால் அதே சம்பளத்தில் வேறு வேலை கொடு. அப்படி வேலை காலியில்லையென்றால் ஓய்வு வயது வரை தனியாக ஓரிடம் உண்டாக்கி வை என்கிறது. 1995-ம் வருஷத்துச் சட்டத்திலேயே இது இருந்தது. இதில் 45 வயது என்கிற பேச்சே இல்லை பாருங்கள்! சர்க்கார் பஸ் டிரைவருக்கு 55 வயதில் கால் போனாலும் வேறு வேலை கொடுத்தாக வேண்டும். தனியார் கம்பெனி லாரி டிரைவருக்குப் போனால்? அவனுடைய கால் மட்டும் வேறு ஜாதிக் காலா? சர்க்காருக்கு நியாயமானது முதலாளிக்கு அநியாயம் ஆகுமா?

"சரி, கற்றுக்கொடுக்கலாம் என்றே வைத்துக்கொள்ளுவோம், 52 வயதில் என்ன வேலை?" என்று சிலர் கேட்கலாம். இன்று அவர்களுக்குக் கிடைக்கிற வேலை ஒன்றே ஒன்றுதான். ராத்திரி வாட்ச்மேன் வேலை! நம் தோழரும் இப்போது ஒரு பெரிய கட்டடத்து வாசலில் பிளாஸ்டிக் நாற்காலியில் உட்கார்ந்து விடிய விடியக் கேட்டைத் திறந்து மூடுகிறார். 27 வருஷம் பிரஸ் ஓட்டியவருக்கு, டை தேய்ந்திருப்பது சத்தத்திலேயே தெரியும். தகட்டின் கனம் தொட்டாலே தெரியும். எந்த இடத்தில் எந்த நேரத்தில் கை உள்ளே போகும் என்பது அவரைவிட எந்த இஞ்சினீயருக்குத் தெரியும்? அவருக்கு அளவு பார்க்கவும் கணக்கு எழுதவும் ஆறு மாதம் கற்றுக்கொடுத்தால் சரக்குப் பரிசோதகராக இருக்கலாம். ஸ்டோர் பார்க்கலாம். புதிதாக வருகிற பையன்களுக்குக் கற்றுக்கொடுக்கலாம். யந்திரத்துக்குத் தடுப்பு இருக்கிறதா என்று பார்க்கும் வேலைக்கு அவரைவிடத் தகுதியானவர் யார்? அந்தக் கையைக் காட்டினாலே பையன்களுக்குப் பத்துப் பாடம் நடத்தியது போல. அப்படிப்பட்டவருடைய அறிவை வாசலில் உட்கார வைத்திருக்கிறோம். இதில் அவருக்கு மட்டுமா நஷ்டம்?

நம்மவர்கள் குற்றத்தையும் சொல்லிவிட வேண்டும். அடிபட்டால் நாம் கொடி பிடிக்கிறோம், ஊர்வலம் விடுகிறோம், நஷ்டஈடு வாங்கிக் கொடுத்துப் படம் எடுத்துக்கொள்ளுகிறோம். பிறகு அந்த வீட்டுப் பக்கம் போகிறோமா? இந்தத் தோழர் வாட்ச்மேனாக இருப்பது நமக்கே தெரியாமல் இருந்தது. தற்செயலாக அந்த வழியாகப் போனபோது அவர் எழுந்து நின்று இடது கையால் சலாம் போட்டார். நாம் வெட்கப்பட்டோம்.

ஆகவே நாம் செய்ய வேண்டியது என்ன?

முதலாவது, யந்திரத்துக்குத் தடுப்பு. யந்திரத்தின் ஆபத்தான பாகங்களுக்கு வேலி போட வேண்டுமென்று 1948-ம் வருஷத்துத் தொழிற்சாலைச் சட்டம் 21-வது பிரிவிலேயே சொல்லியிருந்தது. மின்சாரம் வைத்துப் பத்துப் பேர் வேலை செய்தால் அந்தச் சட்டத்தின்படி அது தொழிற்சாலை. புதிய தொகுப்புச் சட்டமோ அதை இருபது பேர் ஆக்கிவிட்டது. சிறு பட்டறைதான் அதிகம் விரல் தின்னும் இடம். அதைச் சட்டத்துக்கு வெளியே விடக்கூடாது.

இரண்டாவது, பயிற்சிக்கு 45 வயது என்கிற நிபந்தனையை எடுத்தெறிய வேண்டும். 40 சதவீதம் என்கிற நிபந்தனையையும் தொழிலைப் பார்த்துத் தளர்த்த வேண்டும். கட்டை விரல் போனவனுக்கு 30 சதவீதம்தான். ஆனால் பல தொழிலுக்கு அவன் முழுதும் போனவன்.

மூன்றாவது, சர்க்கார் ஊழியனுக்கு இருக்கிற 20-வது பிரிவுப் பாதுகாப்பு தனியார் தொழிலாளிக்கும் வேண்டும். பட்டறைக்காரனால் தனியே முடியாதென்றால் முதலாளிகள் எல்லோரும் சேர்ந்து நிதி கட்டட்டும்.

நான்காவது, இது நம் கையிலேயே இருப்பது. ஒவ்வொரு சங்கத்திலும் அடிபட்டவர்கள் பெயரை ஒரு நோட்டில் எழுதி வையுங்கள். வருஷத்துக்கு இரண்டு தடவை போய்ப் பாருங்கள். என்ன வேலை தெரியும், என்ன கற்றுக்கொள்ள ஆசை என்று கேளுங்கள். மாலை நேரத்தில் சங்கக் கட்டடம் பூட்டித்தானே கிடக்கிறது? கணக்குத் தெரிந்த பையன் கணக்குச் சொல்லிக்கொடுக்கட்டும். நம் தோழர் இப்போது வாரத்தில் மூன்று நாள் ராத்திரி வேலைக்குப் போகுமுன் வந்து, இடது கையால் எழுதக் கற்றுக்கொண்டிருக்கிறார். முதல் மாதம் அவர் எழுத்து கோழி கிளறியது போல இருந்தது. போன வாரம் தன் பெயரையும், ஒரு மனுவையும் ஒழுங்காக எழுதிக் கொண்டுவந்து காட்டினார். அந்த மனுவில் எழுதியிருந்தது என்ன தெரியுமா? வயது 52, பயிற்சி கொடுக்க வேண்டும் என்பதுதான்.

அந்த மனுவை நாம் கொண்டுபோய்க் கொடுக்கப் போகிறோம். தள்ளினால் திரும்பக் கொடுப்போம். ஒருவர் மனுவைத் தள்ளலாம். நூறு பேர் மனுவைத் தள்ளுவது கஷ்டம். ஆகையால் தோழர்களே, உங்கள் பகுதியில் அடிபட்டு உட்கார்ந்திருக்கிற பெரியவர்கள் யார் யார் என்று நாளைக்கே போய் விசாரியுங்கள். அவர்களையும் எழுதச் சொல்லுங்கள். எழுதத் தெரியாவிட்டால் முதலில் எழுதக் கற்றுக்கொடுங்கள் என்று கேட்டுக்கொண்டு முடித்துக்கொள்ளுகிறோம்.